சிறுநீர்ப் போத்தலிலிருந்து ரிப்போர்ட் வரை: நோய்க்கிருமியை வளர்த்து அடையாளம் காணும் முறை

கொழும்பில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கும், புதிதாக ஒரு மைக்ரோபயாலஜி பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் அட்டவணைகளை மனப்பாடம் செய்வது பெரிய காரியமல்ல. எந்தப் படியில் என்ன பிழைக்கும், பிழைத்தால் அது கடைசியில் ரிப்போர்ட்டில் எப்படி வந்து நிற்கும் என்பதைப் புரிந்துகொள்வதுதான் கடினம். என் அனுபவத்தில் தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இரண்டு இடங்களில் பிறக்கின்றன. ஒன்று, மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு வந்து சேரும் வழி. மற்றது, தூய்மையில்லாத கொலனியை (புள்ளியாகச் சேர்ந்து வளர்ந்த கிருமிக் கூட்டத்தை) வைத்து அவசரப்பட்டுச் செய்யும் சோதனை. அதனால் அந்த இரண்டிலும் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முன்கூட்டியே ஒன்று: இது பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில், உரிய பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வுகூடத்தில் செய்யும் வேலை. வீட்டில் செய்து பார்க்கும் விடயம் அல்ல.

முதற்படி: மாதிரி

சிறுநீரை எடுத்துக்கொள்வோம், நாள்தோறும் அதிகம் வருவது அதுதான். முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய போத்தலில் பிடிக்க வேண்டும். இதை நோயாளியிடம் ஒரு நிமிடம் ஒதுக்கி, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். சிங்களத்தில் அச்சடித்த துண்டுச்சீட்டைத் தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவின் கையில் கொடுத்து அனுப்பினால் தோல் கிருமிகளும் யோனிக் கிருமிகளும் கலந்த மாதிரிதான் வரும். அதை எவ்வளவு திறமையாக வளர்த்தாலும் பயனில்லை.

அடுத்தது நேரம். இரண்டு மணித்தியாலத்துக்குள் பிளேட்டில், அதாவது கிருமி வளர்க்கும் தட்டைக் கிண்ணத்தில், போட வேண்டும், முடியாவிட்டால் 4 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். சிறுநீரில் அடிக்கடி காணும் ஈ. கோலை என்ற கிருமி நல்ல சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று 64 ஆகிவிடும். ஓட்டோவின் பின்சீற்றில், காலி வீதி நெரிசலில், கொழும்பு வெயிலில் கிடக்கும் போத்தலில் இதே வேகம் இல்லாவிட்டாலும், பெருக்கம் நடந்துகொண்டேதான் இருக்கும். வெள்ளவத்தையில் எடுத்த மாதிரி பொரளைக்கு வருவதற்குள், அற்பமாக இருந்த எண்ணிக்கை தொற்று இருப்பது போலத் தோன்றும் அளவுக்கு உயர்ந்துவிடலாம். தொலைவிலிருந்து வரும் மாதிரிக்கு, பெருக்கத்தை அடக்கும் போரிக் அமிலம் இட்ட போத்தல் நல்லது.

குருதி இதற்கு நேர்மாறு. குருதிப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. அறை வெப்பநிலையில் வைத்து விரைவில் குருதி வளர்ப்பு இயந்திரத்திலோ இன்குபேட்டரிலோ (அடைகாக்கும் பெட்டியிலோ) சேர்க்க வேண்டும். மூளை முண்ணாண் பாய்பொருளும் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் "எல்லா மாதிரியும் பிரிஜ்ஜுக்குள்" என்று ஒரே விதியாக வைத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். சில கிருமிகள் குளிரில் செத்துப்போகும்.

வளர்ந்தவர் ஒருவருக்குக் குருதிப் போத்தல் ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர், இரண்டு வேறு இடங்களில் குத்தி இரண்டு தொகுதிகள் எடுக்க வேண்டும். குருதியில் கிருமி மிகக் குறைவாக இருக்கும், ஆகவே கனவளவு குறைந்தால் கிருமி பிடிபடாமல் போகும் வாய்ப்பு கூடும். இரண்டு தொகுதி எதற்கு என்றால், தோலில் வாழும் ஸ்டெஃபிலோகொக்கஸ் வகைகள் ஒரு போத்தலில் மட்டும் வளர்ந்தால் அது ஊசி வழியாகக் கலந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரண்டு தொகுதியிலும் வளர்ந்தால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நுண்ணுயிர் எதிரி மருந்து ஏற்றுவதற்கு முன்பே குருதி எடுக்க வேண்டும். ஒரு மாத்திரை விழுங்கிய பின் எடுத்தால், கிருமி உள்ளே இருந்தும் பிளேட் சுத்தமாக இருக்கலாம்.

இரண்டாம் படி: எந்த ஊடகம், ஏன்

கிருமி வளர நாம் கொடுக்கும் உணவுதான் ஊடகம். அதை இறுக வைக்கும் ஏகார் வருவதற்கு முன் கிருமிகளை உருளைக்கிழங்குத் துண்டிலும் ஜெலற்றின் கூழிலும் வளர்த்தார்கள். ஜெலற்றின் அதிக வெப்பம் தாங்காது. ஐரோப்பியக் குளிரில் அது ஓரளவு நிற்கும், கொழும்பின் சாதாரண மத்தியானத்திலேயே இளகிவிடும். உடல் வெப்பநிலையான 37 பாகையில் கிருமி வளர்க்க அதனால் முடியாது. ரொபேர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபனி ஹெஸ்ஸே, ஜாவாவில் வாழ்ந்த அறிமுகமானவர்களிடம் கேட்டு, தான் சமையலில் பயன்படுத்தி வந்த ஏகாரை 1880களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தார். கொதிநிலைக்கு அருகில்தான் அது உருகும், கிட்டத்தட்ட 40 பாகைக்குக் கீழ் வந்தால்தான் இறுகும். நோன்புக் காலத்தில் நம் ஊரில் கடற்பாசி என்று சொல்லி வட்டிலாப்பத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார்களே, அதே பொருள்தான். 1887இல் ஜூலியஸ் பெத்ரி மூடியுள்ள தட்டைக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அடிப்படை இன்றைக்கும் அதுதான்.

ஊடகங்களை அவை செய்யும் வேலையைப் பொறுத்துப் பார்க்கலாம். குருதி ஏகாரில் பெரும்பாலான கிருமிகள் வளரும். அதோடு செங்குருதிக்கலங்களை உடைக்கிறதா என்பதும் தெரியும். கொலனியைச் சுற்றித் தெளிவான வட்டம் விழுந்தால் பீற்றா, பச்சையாக மங்கினால் அல்பா. தொண்டை மாதிரியில் இதுதான் முதல் துப்பு. குருதியை 75 முதல் 80 பாகையில் சூடாக்கினால் கலங்கள் வெடித்து உள்ளிருக்கும் போசணைகள் வெளிவரும். அதுதான் சொக்கலேற் ஏகார். சாதாரணக் குருதி ஏகாரில் தனியே சரியாக வளராத ஹீமோபிலஸ் இதில் வளரும்.

மக்கொங்கி ஏகாரில் பித்த உப்பும் கிரிஸ்ரல் வயலற்றும் உண்டு. இவை கிராம் நேர்க் கிருமிகளை (ஆறாம் படியில் வரும் கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரிபவை) அடக்கிவிடும். கிராம் எதிர்க் கோல்கள் (அதே சாயத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும் கோல் வடிவக் கிருமிகள்) மட்டும் தலை தூக்கும். லக்டோசை நொதிக்கச் செய்பவை அமிலம் உண்டாக்கி இளஞ்சிவப்பாகும், மற்றவை நிறமின்றி இருக்கும். ஈ. கோலையும் க்ளெப்சியெல்லாவும் சிவக்கும், சல்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் ப்ரோட்டியஸும் வெளிறி நிற்கும்.

மலத்தில் சல்மொனெல்லாவையும் ஷிகெல்லாவையும் தேட உதவும் எக்ஸ்.எல்.டி. ஏகாரின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஊடகத்துக்குள் சைலோசு, லக்டோசு, சுக்குரோசு என்று மூன்று வெல்லங்களும் லைசின் என்ற அமினோ அமிலமும் இருக்கின்றன. அமிலம் கூடினால் மஞ்சள், காரம் கூடினால் சிவப்பு. ஷிகெல்லாவால் பொதுவாக சைலோசை நொதிக்கச் செய்ய முடியாது, ஆகவே தொடக்கத்திலிருந்தே சிவப்பு. சல்மொனெல்லா சைலோசை நொதித்து முதலில் மஞ்சளாக்கும். சைலோசு தீர்ந்ததும் லைசினை உடைத்துக் காரம் உண்டாக்கி மறுபடி சிவப்பாகும். கூடவே ஐதரசன் சல்பைட்டும் வருவதால் நடுவில் கறுத்துவிடும். ஈ. கோலையும் லைசினை உடைக்கக் கூடியதுதான். ஆனால் அது லக்டோசையும் சுக்குரோசையும் பிடித்து உண்டாக்கும் அமிலத்தை மிஞ்ச முடியாமல் மஞ்சளாகவே நின்றுவிடும். மலத்தில் கோடிக்கணக்கான சாதாரணக் கிருமிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒன்றைப் பிடிக்க எவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறார்கள்! ஆனாலும் நிறம் சந்தேகத்தைத்தான் தரும். சிவப்புக் கொலனிக்கு சூடோமோனஸும் காரணமாகலாம்.

கொலரா சந்தேகம் வந்தால் மாதிரியை முதலில் காரப் பெப்ரோன் நீரில் 6 முதல் 8 மணித்தியாலம் வைத்து, பின் விப்ரியோவுக்கென்றே உள்ள ரி.சி.பி.எஸ். ஏகாரில் இழுக்க வேண்டும். காரத்தன்மையைக் கொலராக் கிருமியான விப்ரியோ தாங்கும், மற்றவை அவ்வளவாகத் தாங்காது. ரி.சி.பி.எஸ்.ஸில் அது சுக்குரோசை நொதித்து மஞ்சளாக வளரும். சல்மொனெல்லாவுக்கு செலினைற் குழம்பு இதே வேலையைச் செய்யும்.

ஊடகம் தயாரிப்பதில் கொழும்புக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. தூள் ஊடகங்கள் ஈரத்தை உறிஞ்சும். திறந்த டின்னை மூடாமல் வைத்தால் இந்த ஈரக்காற்றில் கட்டியாகிவிடும், அப்புறம் நிறுக்கும் அளவே பிழை. இறுக மூடி, திறந்த திகதியை எழுதி, உலர்த்தியோடு வையுங்கள். பெரும்பாலான ஊடகங்களுக்கு ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனில்) 121 பாகை, 15 நிமிடம். எக்ஸ்.எல்.டி.யையும் ரி.சி.பி.எஸ்.ஸையும் ஓட்டோகிளேவ் செய்யக் கூடாது, கொதிக்க வைத்தால் போதும். குருதி சேர்க்கும்போது ஊடகம் 45 முதல் 50 பாகை. அதைவிடச் சூடானால் குருதி ஏகாருக்குப் பதிலாகச் சொக்கலேற் ஏகார்தான் கிடைக்கும். 90 மில்லிமீற்றர்க் கிண்ணத்துக்கு 15 முதல் 20 மில்லிலீற்றர் ஊற்றி, மேற்பரப்பை உலரவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மூடியில் தேங்கும் நீர்த்துளி கொலனி மீது விழுந்தால் எல்லாம் ஒன்றாகிவிடும்.

மூன்றாம் படி: கோடிழுத்தல்

இந்தத் தொழிலின் அச்சாணி இதுதான். லூப்பை (நுனியில் வளையமுள்ள கம்பியை) சுடரில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மாதிரியைத் தொட்டுப் பிளேட்டின் ஓர் ஓரத்தில் பூச வேண்டும். மீண்டும் காய்ச்சி ஆறவிட்டு, முதற்பகுதியிலிருந்து இரண்டு மூன்று கோடுகளை மட்டும் அடுத்த பகுதிக்கு இழுக்க வேண்டும். இப்படி நான்கு பகுதிகள். ஒவ்வொரு முறையும் கிருமி எண்ணிக்கை குறைந்து, கடைசிப் பகுதியில் தனித்தனியே புள்ளியாக வளரும். தனிப்புள்ளி ஒன்று பொதுவாக ஒரே கிருமியின் சந்ததி. அந்தப் புள்ளியிலிருந்துதான் மேற்கொண்டு எல்லாச் சோதனையும். காய்ச்சிய லூப் ஆறுவதற்குள் தொட்டால் கிருமி வெந்துவிடும், நடுவில் காய்ச்சாவிட்டால் நான்கு பகுதியும் ஒரே மாதிரிப் புல் வெளியாகிவிடும்.

சிறுநீருக்கு வேறு முறை. அங்கே அடையாளத்தோடு எண்ணிக்கையும் வேண்டும். போத்தலைக் கலக்கி, அளவிட்ட லூப்பைச் செங்குத்தாகப் பிடித்து மேற்பரப்பை மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். சாய்த்து ஆழமாக முக்கினால் அதிக திரவம் ஒட்டிக்கொள்ளும். 1 மைக்ரோலீற்றர் லூப்பில் ஒரு கொலனி என்றால் மில்லிலீற்றருக்கு 1,000 கிருமி. 100 கொலனி என்றால் ஒரு இலட்சம். சிறுநீருக்கு சி.எல்.ஈ.டி. ஏகார் வசதி. உப்புக் குறைவாக இருப்பதால் ப்ரோட்டியஸ் அலையாகப் பரவி மற்றக் கொலனிகளை மூடாது. லக்டோசு நொதிப்பவை மஞ்சள், மற்றவை நீலம்.

நான்காம் படி: அடைகாத்தல்

35 முதல் 37 பாகை, 18 முதல் 24 மணித்தியாலம். தொண்டை மாதிரியும் சொக்கலேற் ஏகாரும் 5 முதல் 10 வீதம் காபனீரொட்சைட்டு விரும்பும். காபனீரொட்சைட்டு இன்குபேட்டர் இல்லாத இடத்தில் மூடிய கொள்கலனுக்குள் மெழுகுதிரி ஏற்றி அணையவிட்டால் ஏறத்தாழ 3 வீதம் கிடைக்கும், பல தேவைக்கு அது போதும். கம்பைலோபக்ரருக்கு 42 பாகையும் குறைந்த ஒட்சிசனும். இன்குபேட்டரின் திரை காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், உள்ளே ஒரு தனி வெப்பமானி வைத்துத் தினமும் பதியுங்கள். மின்வெட்டு வந்து போனதை அந்தப் பதிவுதான் காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாம் படி: பிளேட்டை வாசித்தல்

மூடியைத் திறந்து மணந்து பார்க்கும் பழைய வழக்கத்தை மறந்துவிடுங்கள். கண்ணால் போதும்: அளவு, விளிம்பு, நிறம், ஈரத்தன்மை, குருதி உடைப்பு. ஒரே பிளேட்டில் எத்தனை வகை என்பதை எண்ணுங்கள். சிறுநீரில் மூன்று அல்லது அதற்கு மேல் வகைகள் கலந்து வந்தால் பொதுவாக அது மாசு. "மீண்டும் மாதிரி அனுப்பவும்" என்று எழுதுவதே நேர்மை. மில்லிலீற்றருக்கு ஒரு இலட்சம் என்ற எல்லையை எல்லோரும் வேதவாக்காகப் பிடித்துக்கொள்கிறார்கள். நோய்க்குறி உள்ள பெண்களிலும் கதீற்றர் போட்டவர்களிலும் அதற்குக் குறைந்த எண்ணிக்கையும் முக்கியமாகலாம். ஆகவே கோரிக்கைப் படிவத்தில் வைத்தியர் என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துவிட்டுத்தான் பிளேட்டைப் படிக்க வேண்டும். படிவம் வெறுமையாக இருந்தால் வார்ட்டுக்கு ஒரு போன் எடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஆறாம் படி: அடையாளம் பிரித்தல்

முதலில் கிராம் சாயம். கிரிஸ்ரல் வயலற், அயடீன், அற்ககோல், சஃப்ரனின். 1884இல் ஹன்ஸ் கிறிஸ்ரியன் கிராம் வெளியிட்ட முறை இன்றும் கிருமிகளை இரண்டாகப் பிரிக்கிறது. பிழை பெரும்பாலும் அற்ககோலில்: அதிகம் கழுவினால் நேர் எதிராகிவிடும், குறைவாகக் கழுவினால் மறுபக்கம்.

கிராம் நேர் உருண்டைகளுக்கு அடுத்தது கற்றலேசு என்ற நொதியைத் தேடும் சோதனை. 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டுத் துளியில் கொலனியைக் கலக்கக் குமிழி வந்தால் ஸ்டெஃபிலோகொக்கஸ், வராவிட்டால் ஸ்ட்ரெப்ரோகொக்கஸ் பக்கம். குருதி ஏகாரிலிருந்து எடுக்கும்போது ஊடகத்தைச் சுரண்டாதீர்கள். செங்குருதிக்கலத்திலும் கற்றலேசு உண்டு, அது பொய்யாகக் குமிழி காட்டும். குமிழி வந்தால் அடுத்து கோஅகுலேசு. குழாயில் பிளாஸ்மா உறைந்தால் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ். 4 மணித்தியாலத்தில் ஒரு முறையும், எதிர்மறை என்றால் 24 மணித்தியாலத்தில் இன்னொரு முறையும் பாருங்கள்.

கிராம் எதிர்க் கோல்களுக்கு ஒட்சிடேசு. ஈ. கோலை, க்ளெப்சியெல்லா, சல்மொனெல்லா கூட்டம் எதிர்மறை. சூடோமோனஸும் விப்ரியோவும் நேர். ஊதா நிறம் சுமார் 10 செக்கனுக்குள் வர வேண்டும், பிந்தி வருவது கணக்கில் இல்லை. நிக்குரோம் லூப்பைப் பயன்படுத்தாதீர்கள், அதன் ஒட்சைட்டே நிறம் தந்துவிடும். மரக்குச்சியோ பிளாஸ்ரிக் லூப்போ நல்லது. மக்கொங்கியிலிருந்து எடுத்த கொலனியில் இதைச் செய்ய வேண்டாம், அமிலமும் நிறமும் குழப்பும்.

அப்புறம் இந்தோல், சிற்றேற், யூறியேசு, முச்சர்க்கரை இரும்பு ஏகார் என்ற உயிர்வேதிச் சோதனைகள். ஈ. கோலை இந்தோல் நேர், சிற்றேற் எதிர். க்ளெப்சியெல்லா நிமோனியே அதற்கு மறுபுறம். ப்ரோட்டியஸ் யூறியாவைச் சில மணித்தியாலத்திலேயே உடைத்துவிடும். சல்மொனெல்லா டைஃபை முச்சர்க்கரைக் குழாயில் சாய்வு சிவப்பு, அடி மஞ்சள், வாயு இல்லை. குத்திய இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு மட்டும். மற்றச் சல்மொனெல்லாக்களில் போல அடி முழுதும் கறுக்கும் என்று எதிர்பார்த்தால் தைபொயிட்டைத் தவறவிடுவீர்கள். உயிர்வேதி ஒத்துப்போனால் எதிர்ச்சீரத்தோடு (குறித்த கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ள சீரத்தோடு) கலந்து கிருமி திரள்கிறதா என்று பார்க்கும் ஒட்டுத்திரள் சோதனை. உப்புக்கரைசலில் தானாகவே திரளும் கொலனியை எதிர்ச்சீரத்தோடு கலந்து "நேர்" என்று எழுதுவது பெரும்பிழை, முதலில் உப்புக்கரைசலில் மட்டும் கலந்து பாருங்கள்.

குருதியிலோ சீழிலோ ஒட்சிடேசு நேரான கோல் வந்தால் "சூடோமோனஸ், மாசு" என்று ஒதுக்காதீர்கள். அது மெலியோயிடோசிஸ் என்ற கடும் தொற்றின் கிருமியாகவும் இருக்கலாம், இலங்கையில் 1927இலேயே பதிவான நோய் அது. சந்தேகம் வந்தவுடன் பிளேட்டை மூடிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் கொண்டுபோய், மேற்பார்வையாளரிடம் சொல்லி, உசாத்துணை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதுதான் உங்கள் வேலை. பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் நாட்டின் உசாத்துணை ஆய்வுகூடங்களைக் கொண்டது. 1900இல் தொடங்கிய நிறுவனம் அது. காசநோய்க்கு வெலிசறையில் தனியாகத் தேசிய உசாத்துணை ஆய்வுகூடம் இருக்கிறது. லோவென்ஸ்ரைன் ஜென்சன் ஊடகத்தில் எட்டு வாரம் வரை காத்திருக்கும் வேலை அது, உங்கள் சாதாரண இன்குபேட்டரில் செய்வதல்ல.

ஏழாம் படி: கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும்

மூல்லர் ஹின்ரன் ஏகார், 4 மில்லிமீற்றர் தடிப்பு. தூய கொலனிகளிலிருந்து 0.5 மக்ஃபார்லண்ட் என்ற நியமக் கலங்கல் அளவுக்கு, கிருமியைத் திரவத்தில் கலக்கித் தொங்கல் செய்து, 15 நிமிடத்துக்குள் பஞ்சுக்குச்சியால் மூன்று திசையிலும் பூசி, மருந்து தோய்ந்த வட்டுகளை வைத்து, 35 பாகையில் 16 முதல் 18 மணித்தியாலம். ஏகார் மெல்லிசாக இருந்தால், வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் பெரிதாகி எதிர்ப்புள்ள கிருமி கேட்பது போலத் தோன்றும். கலங்கல் கூடினால் வட்டம் சுருங்கும். கூடவே அறிந்த கட்டுப்பாட்டுக் கிருமியையும், உதாரணத்துக்கு ஏ.ரி.சி.சி. 25922 ஈ. கோலையை, அதே முறையில் வையுங்கள். அதன் வட்டம் எல்லைக்குள் இல்லாவிட்டால் நோயாளியின் முடிவை வெளியிடக் கூடாது.

ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸில் மெதிசிலின் எதிர்ப்பைக் கண்டுபிடிக்க 30 மைக்ரோகிராம் செஃபொக்சிட்டின் வட்டு. வன்கொமைசினுக்கு வட்டு முறை நம்பத்தக்கதல்ல. குடற்கிருமிகளில் விரிந்த பீற்றா லக்ரமேசு (மருந்தை உடைக்கும் நொதி) இருக்கிறதா என்று பார்க்க, செஃப்டசிடிமை கிளவுலானேற்றோடும் தனியாகவும் வைத்து வட்டம் 5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ கூடுகிறதா என அளக்கலாம். சுவரில் எப்போதோ ஒட்டிய பழைய அட்டவணையைப் பார்த்து வாசிக்காதீர்கள், எல்லைகள் அடிக்கடி மாறுகின்றன. அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அட்டவணையையும் ஐரோப்பாவின் யூகாஸ்ட் அட்டவணையையும் கலக்கவும் கூடாது.

கல்ச்சரால் முடியாதது

காய்ச்சலோடு வரும் எவருக்கும் "கல்ச்சர் எடுங்கள், எல்லாம் தெரிந்துவிடும்" என்ற எண்ணம் கொழும்பு மக்களிடையே உண்டு. டெங்கு வைரசு, ஏகாரில் வளராது. எலிக்காய்ச்சல் கிருமி வளரத்தான் செய்யும், ஆனால் வாரக்கணக்கில், விசேட ஊடகத்தில். அதற்குள் நோயாளி குணமடைந்தோ இறந்தோ போயிருப்பார். அதற்கு எதிர்ப்பொருள் சோதனையும் பி.சி.ஆரும்தான் வழி. 1905இல் கொழும்பில் அல்டோ கஸ்ரெலானி என்ற மருத்துவர் யோஸ் என்ற தோல் நோயின் கிருமியைக் கண்டது நுணுக்குக்காட்டியில்தான். அந்தக் குடும்பத்துக் கிருமிகள் சாதாரணப் பிளேட்டில் இன்றும் வளர்வதில்லை.

வெளியேற்றலும் அறிவித்தலும்

பார்த்து முடித்த பிளேட்டுகளை ஓட்டோகிளேவ் செய்த பின்பே மருத்துவக் கழிவில் சேர்க்க வேண்டும். மாநகர சபை லொறிக்கு நேரே போகக் கூடாது. நோயாளி விபரம் எழுதிய பழைய ஸ்டிக்கரும் வெளியே போகாமல் பாருங்கள்.

குருதிப் போத்தல் நேர் என்று இயந்திரம் ஒலித்தால் அடையாளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே கிராம் சாயமிட்டு, "கிராம் எதிர்க் கோல்" என்பதை மட்டுமாவது வார்ட்டுக்குச் சொல்லுங்கள். எந்த நேரத்தில், யாரிடம் சொன்னீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதி, அவர் திருப்பிச் சொன்னதையும் கேட்டுச் சரிபார்த்த பின்பு போனை வையுங்கள்.